வைட்டமின் டி மாத்திரை எனக்குத் தேவையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைட்டமின் டி அளவுக்கு மீறிப்போய் அம்மா ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தது. அதற்குப் பிறகுதான் இதைப் பற்றி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். நான் மருத்துவர் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து சொந்தக்காரர்களும் நண்பர்களும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை அனுப்பி என்னிடம் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்று போலவே இருக்கின்றன. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பது கீழே வரும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை எடுக்கலாமா, வேண்டாமா?

உடலில் வைட்டமின் டி உண்மையிலேயே குறைந்திருந்தால் எடுக்கத்தான் வேண்டும். குறைந்துபோகக்கூடிய நிலையில் இருப்பவரும் எடுக்க வேண்டும். குறைவில்லாத நடுவயதுக்காரர் எடுத்தால் கூடுதலாகப் பெரிய பலன் எதுவும் கிடைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அதனால் "வைட்டமின் டி நல்லதா?" என்று கேட்பதில் பயனில்லை. நல்லதுதான், அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. "எனக்குக் குறைந்திருக்க வாய்ப்பு உண்டா?" என்று கேளுங்கள். அதற்கான பதில் உங்கள் வயது, தோலின் நிறம், வெளியே போகும் பழக்கம், உடம்பில் இருக்கும் மற்ற நோய்கள், சாப்பிடும் மற்ற மருந்துகள் ஆகியவற்றில் இருக்கிறது.

இது உடலுக்குள் என்ன வேலை செய்கிறது?

சாப்பாட்டில் உள்ள கால்சியத்தையும் பாஸ்பரஸையும் குடல் உறிஞ்சிக்கொள்ள வைட்டமின் டி வேண்டும். அது இல்லாவிட்டால் எவ்வளவு கால்சியம் சாப்பிட்டாலும் பெரும்பகுதி வெளியே போய்விடும். ரத்தத்தில் கால்சியம் இறங்கக் கூடாது என்பதற்காக உடம்பு எலும்பிலிருந்து எடுத்துச் செலவு செய்யத் தொடங்கும். இது நீடித்தால் குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் வருகிறது, கால் எலும்புகள் வளைந்துபோகின்றன. பெரியவர்களுக்கு ஆஸ்டியோமலேசியா எனப்படும் எலும்பு மென்மையாகும் நோய் வருகிறது.

பெயர்தான் வைட்டமின். நடந்துகொள்ளும் விதம் ஹார்மோன் போன்றது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டதும், அங்கிருக்கும் ஒருவகைக் கொழுப்புப் பொருள் வைட்டமின் டி3 ஆக மாறுகிறது. அது கல்லீரலுக்குப் போய் ஒருமுறை மாறுகிறது, சிறுநீரகத்துக்குப் போய் இன்னொருமுறை மாறுகிறது. அதன்பிறகுதான் வேலைக்குத் தயாராகிறது. கல்லீரலோ சிறுநீரகமோ பழுதானவர்களின் கணக்கு தனி என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

1919இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகளுக்குப் புற ஊதா விளக்கொளி காட்டிக் குணப்படுத்தினார். ஒரு கையில் மட்டும் ஒளியைக் காட்டினாலும் மற்றக் கையின் எலும்பும் சேர்ந்து தேறியது. தோலில் உண்டான ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் போகிறது என்பதற்கு அதுவே சாட்சி. 'வைட்டமின் டி' என்ற பெயரை மெக்காலம் என்ற அமெரிக்க அறிவியலாளர் சூட்டியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1922இல்.

தினமும் வெயிலில் நின்றால் போதாதா?

நிறையப் பேருக்குப் போதும். முகம், கை, கால்களில் வெயில் படும்படி அடிக்கடி வெளியே போய் வருபவருக்கு மாத்திரை இல்லாமலே அளவு நன்றாக இருக்கலாம். ஆனால் எல்லா வெயிலும் ஒன்றல்ல. அதிகாலையிலும் மாலையிலும் சூரியன் சாய்ந்திருக்கும்போது புற ஊதா பி கதிர் காற்று மண்டலத்திலேயே வடிகட்டப்பட்டுவிடும். உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக விழுகிறது என்றால் அந்த வெயிலில் வைட்டமின் டி அதிகம் உண்டாகாது. பூமத்திய ரேகையிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் ஊர்களில் குளிர்காலம் முழுக்க இதே நிலைதான். 42 பாகை வடக்கில் இருக்கும் பாஸ்டன் நகரில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை தோல் வைட்டமின் டி தயாரிப்பதே இல்லை என்று 1988இல் வெளியான ஆய்வு காட்டியது.

கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வெயில் காய்வதாலும் பலனில்லை. புற ஊதா பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

கருமையான தோலிலுள்ள மெலனின் இயற்கையான குடை மாதிரி. வெள்ளைத் தோல்காரர் சில நிமிடங்களில் பெறுவதைப் பெற மாநிறக்காரரும் கருப்பு நிறத்தவரும் கூடுதல் நேரம் நிற்க வேண்டியிருக்கும். வயது ஏற ஏறத் தோலில் அந்த மூலப்பொருளே குறைந்துபோகிறது.

ஒரு நல்ல விஷயம், வெயிலால் வைட்டமின் டி அளவுக்கு மீறிப்போவதில்லை. மிச்சத்தைத் தோலே பயனற்ற பொருளாக மாற்றிவிடும். அப்படி ஒரு காவல் மாத்திரைக்குக் கிடையாது. அதற்காகத் தோல் சிவக்கும்வரை வெயிலில் நிற்கவும் கூடாது. தோல் புற்றுநோய் என்று ஒன்று இருக்கிறது.

சாப்பாட்டிலிருந்தே பெற முடியாதா?

கொழுப்பு மிகுந்த மீன், மீன் ஈரல் எண்ணெய், முட்டையின் மஞ்சள் கரு, ஈரல், புற ஊதா ஒளி காட்டிய காளான் ஆகியவற்றில் இருக்கிறது. வைட்டமின் டி சேர்த்து விற்கப்படும் பாலும் தானிய உணவுகளும் சில நாடுகளில் உண்டு. இவை தட்டில் அடிக்கடி வராவிட்டால், சாப்பாடு மட்டுமே தேவையை நிரப்பும் என்று நம்பி இருக்க முடியாது.

பரிசோதனை செய்யாமலே மாத்திரை எடுக்க வேண்டியவர்கள் யார்?

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் கைக்குழந்தைகள் முதலாவது. தாய்ப்பாலில் வைட்டமின் டி போதுமான அளவு இருப்பதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2008 முதல் பிறந்த சில நாட்களிலேயே தினம் 400 அலகு (IU) சொட்டு மருந்து தரச் சொல்கிறது.

அடுத்து, வீட்டைவிட்டு அதிகம் வெளியே போகாத முதியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், பராமரிப்பு இல்லங்களில் வாழ்பவர்கள். எந்தக் காரணத்துக்காகவோ உடல் முழுவதையும் மூடிய உடையிலேயே வெளியே போகிறவர்கள். கருமையான தோலோடு வெயில் குறைந்த நாடுகளில் குடியிருப்பவர்கள். பிரிட்டனில் 2016 முதலே எல்லோருக்கும் இலையுதிர், குளிர் காலங்களில் தினம் 400 அலகு பரிந்துரைக்கப்படுகிறது. கருமையான தோல் உள்ளவர்கள் அதை வருடம் முழுக்க எடுப்பது பற்றி யோசிக்கலாம் என்கிறார்கள்.

குடலில் கொழுப்பை உறிஞ்ச முடியாத நோய் உள்ளவர்கள், உடல் எடையைக் குறைக்க வயிற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், வலிப்புக்கு ஃபெனிட்டோயின், கார்பமசெபைன், ஃபீனோபார்பிட்டால் சாப்பிடுபவர்கள், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் எல்லாம் வேறு வகை. இவர்களுக்குக் குறைவு வர வாய்ப்பு அதிகம். ஆனால் இவர்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதைப் பரிசோதித்துப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எண்டோகிரைன் சொசைட்டி என்ற ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பு 2024இல் புதிய வழிகாட்டுதலை வெளியிட்டது. 1 முதல் 18 வயது வரை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 75 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருப்பவர்கள் ஆகிய நான்கு தரப்பினரும் பரிசோதனை இல்லாமலே எடுக்கலாம் என்கிறது அது. மற்ற ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வழக்கமான தினசரித் தேவைக்கு மேல் வேண்டாம் என்கிறது.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். எதற்கும் ஒருமுறை டெஸ்ட் செய்து பார்க்கட்டுமா?

வேண்டாம் என்பதே என் பதில். அறிகுறியும் இல்லை, மேலே சொன்ன தரப்பிலும் இல்லை என்றால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. 2024 வழிகாட்டுதலும் ஆரோக்கியமானவர்களுக்கு வழக்கமான பரிசோதனை வேண்டாம் என்றே சொல்கிறது. மொத்த உடல் பரிசோதனைப் பேக்கேஜுக்குள் இந்த டெஸ்ட்டும் சேர்ந்தே வருவதால்தான் கேட்காத பலருக்கும் இந்த எண் கைக்கு வந்து சேர்கிறது.

எலும்பு வலி, எளிதில் எலும்பு முறிவு, காரணம் தெரியாத தசை பலவீனம், சிறுநீரக அல்லது குடல் நோய் இருந்தால் கதை வேறு. அப்போது கட்டாயம் செய்ய வேண்டும்.

ரிப்போர்ட்டில் 22 என்று வந்திருக்கிறது. பக்கத்தில் 'போதாது' என்று சிவப்பில் போட்டிருக்கிறார்கள். என்ன செய்வது?

எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எந்த டெஸ்ட் என்று பாருங்கள். 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி என்று இருக்க வேண்டும். கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் சேமித்திருக்கும் இருப்பு அதுதான். இரண்டு மூன்று வாரம் ஆனால்தான் அது பாதியாகும் என்பதால் உடலின் நிலையைச் சரியாகக் காட்டும். 1,25 டைஹைட்ராக்ஸி என்ற இன்னொரு டெஸ்ட்டும் உண்டு. அது சில சிக்கலான நோய்களுக்கானது. குறைவு இருக்கும்போதும் அதில் அளவு சாதாரணமாகவே வரலாம்.

அடுத்து அலகைப் பாருங்கள். சில லேப் மில்லிக்கு நானோகிராமிலும் (ng/mL) சில லேப் லிட்டருக்கு நானோமோலிலும் (nmol/L) தருகின்றன. இந்தக் கணக்கில் 1 நானோகிராம் என்பது 2.5 நானோமோல். 50 நானோமோல் என்பதும் 20 நானோகிராம் என்பதும் ஒன்றே. இந்த வித்தியாசம் தெரியாமல், போன வருடம் 55 இருந்தது, இந்த வருடம் 22 ஆகிவிட்டது என்று பதறியவரை எனக்குத் தெரியும். உண்மையில் அவர் இருந்த இடத்திலேயேதான் இருந்தார்.

இப்போது அந்தச் சிவப்பு எழுத்துக்கு வருவோம். 30க்குக் கீழே போனால் 'போதாது' என்ற கோட்டை 2011இல் போட்டது மேலே சொன்ன அதே எண்டோகிரைன் சொசைட்டி. உலகெங்கும் லேப்கள் அதைப் பிடித்துக்கொண்டன. அதே ஆண்டு அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் வெளியிட்ட அறிக்கை, ஏறக்குறைய எல்லோருடைய எலும்புக்கும் 20 நானோகிராம் போதும், 12க்குக் கீழே போனால்தான் குறைபாட்டு நோய்க்கான ஆபத்து என்றது. 2024இல் எண்டோகிரைன் சொசைட்டியே 30 என்ற இலக்கைக் கைவிட்டுவிட்டது. லேப்களின் அச்சுப் படிவம் இன்னும் பல இடங்களில் மாறவில்லை.

ஆக, 22 என்பது நோய் இல்லை. எலும்பு நோயோ மேலே சொன்ன ஆபத்துகளோ இல்லாதவருக்கு அந்த எண்ணுக்காகப் பெரிய டோஸ் தேவையே இல்லை. 12க்குக் கீழே என்றால் டாக்டரைப் பார்த்துச் சிகிச்சை எடுக்க வேண்டும். 12க்கும் 20க்கும் நடுவே வந்தால் அவரவர் நிலையைப் பொறுத்தது. தினம் 600, 800 அலகு என்ற சிறிய டோஸே அங்கே பெரும்பாலும் போதும்.

எப்போதும் சோர்வாக இருக்கிறது, முடி கொட்டுகிறது. வைட்டமின் டி குறைவாக இருக்குமோ?

இருக்கலாம். ரத்தசோகை, தைராய்டு, தூக்கமின்மை, மனச்சோர்வு, சர்க்கரை என்று வேறு எதுவாகவும் இருக்கலாம். என் கவலை என்னவென்றால், வைட்டமின் டி குறைவு என்பது எல்லோரும் சுலபமாக ஏற்றுக்கொள்ளும் விளக்கமாகிவிட்டது. அதைச் சொன்னதும் மற்றவற்றைத் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள்.

கடுமையான குறைவுக்கு என்று தனி அடையாளங்கள் உண்டு. தொடையிலும் இடுப்பிலும் பலம் போய், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியாது. மாடிப்படி ஏறுவது சிரமமாகும். விலா, இடுப்பு, முழங்கால் கீழெலும்பு ஆகியவற்றை அழுத்தினால் வலிக்கும். நடை வாத்து நடையாக மாறும். இவை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

இதய நோய், புற்றுநோய், மனச்சோர்வு எல்லாவற்றையும் தடுக்கும் என்கிறார்களே?

அந்த நம்பிக்கையைச் சோதிக்கத்தான் அமெரிக்காவில் வைட்டல் என்ற ஆய்வு நடந்தது. 25,871 பேர். ஆண்கள் 50 வயதுக்கு மேல், பெண்கள் 55க்கு மேல். பாதிப் பேருக்குத் தினம் 2,000 அலகு டி3, மறுபாதிக்கு வெற்று மாத்திரை. சராசரியாக ஐந்து வருடங்களுக்கு மேல் கவனித்தார்கள். 2018இல் முடிவு வந்தது. புற்றுநோய் வந்தவர்கள் எண்ணிக்கையிலும் மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள் எண்ணிக்கையிலும் வித்தியாசம் இல்லை. மனச்சோர்வையும் தடுக்கவில்லை என்று 2020இல் தெரிந்தது.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது எலும்பு முறிவைப் பற்றி 2022இல் வந்த முடிவு. வைட்டமின் டி எடுத்த 12,927 பேரில் 769 பேருக்கு முறிவு. வெற்று மாத்திரை எடுத்த 12,944 பேரில் 782 பேருக்கு. எலும்புக்காகவே எடுக்கும் மாத்திரையும், குறைவில்லாதவர்களுக்கு எலும்பைக்கூடக் கூடுதலாகக் காப்பாற்றவில்லை. கலந்துகொண்டவர்களின் ரத்த அளவு தொடக்கத்திலேயே சராசரியாக 30 நானோகிராம் அருகே இருந்தது. நிறைந்த குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்றிப் பார்த்த கணக்குதான் அது. குறைவானவர்களுக்கு மாத்திரை வேண்டாம் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. அதை அப்படித் திரித்துச் சொல்வதும் தவறு.

அதே ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. முடக்குவாதம், சோரியாசிஸ் போன்ற தன்னுடல் தாக்கு நோய்கள் மாத்திரை எடுத்தவர்களில் 123 பேருக்கும் எடுக்காதவர்களில் 155 பேருக்கும் வந்தன. ஆர்வமூட்டும் வித்தியாசம்தான். அதற்காக எல்லோரும் எடுக்க வேண்டும் என்று சொல்ல அது போதாது.

ஆனால் நோயாளிகளைப் பரிசோதித்தால் பலருக்கும் வைட்டமின் டி குறைவாகத்தானே இருக்கிறது?

இருக்கிறது. நோய் வந்தவர் வெளியே போவதில்லை. பருமனான உடலில் வைட்டமின் டி கொழுப்புக்குள் பரவிவிடுவதால் ரத்தத்தில் குறைவாகத் தெரியும். உடலில் அழற்சி இருக்கும்போது இந்த அளவு தானாகவே இறங்கும். குறைவு நோயைக் கொண்டுவந்ததா, நோய் குறைவைக் கொண்டுவந்ததா என்று ஒரு ரத்தப் பரிசோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் வெற்று மாத்திரையோடு ஒப்பிடும் பெரிய ஆய்வுகள் தேவைப்பட்டன.

எவ்வளவு எடுப்பது?

சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லாத சாதாரண உடல்நிலை என்றால், 70 வயது வரை தினம் 600 அலகு, அதற்கு மேல் 800 அலகு. சாப்பாட்டிலும் வெயிலிலும் கிடைப்பது போகவுள்ள மிச்சத்துக்குத்தான் மாத்திரை. மருத்துவர் சொல்லாமல் தாமாகவே எடுக்கும் பெரியவர்கள் தினம் 4,000 அலகைத் தாண்டவே கூடாது. அது உச்சவரம்பு. அவ்வளவு எடுக்க வேண்டும் என்று பொருள் இல்லை.

பெட்டியில் சில சமயம் மைக்ரோகிராம் என்று போட்டிருப்பார்கள். 1 மைக்ரோகிராம் 40 அலகு. எனவே 25 மைக்ரோகிராம் என்றால் 1,000 அலகு.

கனடாவின் கால்கரி நகரில் மூன்று வருடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில் 400, 4,000, 10,000 அலகு என மூன்று டோஸ்களை ஒப்பிட்டார்கள். அதிக டோஸ் எடுத்தவர்களின் எலும்பு அடர்த்தி கூடவில்லை, குறைந்திருந்தது. அதிகம் சாப்பிட்டால் அதிக பலம் என்ற எண்ணத்தை இதைவிட எது அசைக்கும்?

தினமும் போட மறந்துவிடுகிறது. வாரம் ஒன்று, மாதம் ஒன்று, அல்லது ஒரே ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கடுமையான குறைவுக்கு வாரம் 50,000 அல்லது 60,000 அலகு வீதம் ஆறு முதல் எட்டு வாரம் தருவது டாக்டர்களின் வழக்கம். அதில் தவறில்லை. அது ஒரு சிகிச்சை, அதற்கு முடியும் தேதி உண்டு. அதையே வருடக்கணக்கில் தொடர்வதுதான் ஆபத்து.

மிகப் பெரிய டோஸை ஒரே தடவையில் கொடுப்பதைப் பற்றி 2010இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பாடம் கிடைத்தது. 70 வயதைத் தாண்டிய 2,256 பெண்கள். பாதிப் பேருக்கு வருடம் ஒருமுறை 5 லட்சம் அலகு வாய்வழியாகத் தந்தார்கள். விழுவதும் எலும்பு முறிவும் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. மருந்து எடுத்தவர்களுக்கு 171 முறிவுகள், எடுக்காதவர்களுக்கு 135. விழுந்ததும் அவர்களே அதிகம். 2016இல் ஜூரிச்சில் 200 முதியவர்களிடம் மாதம் 60,000 அலகைச் சோதித்தபோதும் குறைந்த டோஸ் எடுத்தவர்களைவிட அவர்களே அதிகம் விழுந்தார்கள்.

வீட்டிலிருக்கும் முதியவருக்கு 'ஒரே ஊசியில் வருடம் முழுக்கக் கவலையில்லை' என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு ஆய்வுகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரு சிறிய மாத்திரையே பாதுகாப்பு. மறதிதான் பிரச்சினை என்றால் வேறு ஏதாவது தினசரி மாத்திரையோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.

மாத்திரையில் டி2, டி3 என்று இரண்டு வகை இருக்கிறதே, எது நல்லது?

டி3. ரத்த அளவை அது கூடுதலாக உயர்த்தும், அதிக நாள் தாங்கும். டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் மெழுகிலிருந்து தயாராகிறது. விலங்குப் பொருள் வேண்டாம் என்பவர்களுக்குக் கல்பாசியிலிருந்து எடுத்த டி3 கிடைக்கிறது. டி2வும் வேலை செய்யாமல் இல்லை.

எந்த நேரத்தில் சாப்பிடுவது?

கொஞ்சமாவது எண்ணெய், கொழுப்பு இருக்கும் சாப்பாட்டோடு. காலையா, இரவா என்பதில் ஒன்றுமில்லை.

கூடவே கால்சியமும் எடுக்க வேண்டுமா?

சாப்பாட்டில் கால்சியம் போதுமான அளவு கிடைக்கிறது என்றால் தேவையில்லை. அமெரிக்காவில் 36,282 பெண்களிடம் கால்சியமும் வைட்டமின் டியும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2006இல் முடிவு வந்தபோது சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியிருந்தது. ஏற்கெனவே கல் வந்தவர்கள் இந்தக் கூட்டு மாத்திரையைத் தாமாகத் தொடங்க வேண்டாம்.

வைட்டமின்தானே, அதிகமானால் என்ன ஆகிவிடப் போகிறது?

அம்மாவுக்கு அப்போது 71 வயது. வைட்டமின் டி 9 என்று வந்தது. உண்மையான குறைவு. மாடிப்படி ஏற முடியாமல் இருந்தார். டாக்டர் வாரம் ஒன்று வீதம் எட்டு வாரத்துக்கு 60,000 அலகு கேப்சூல் எழுதினார். அம்மா தேறினார், நடை திரும்பியது. மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

சிக்கல் அதற்குப் பிறகு. 'இதனால்தான் நடக்கிறேன்' என்று அம்மா நம்பிவிட்டார். எட்டு வாரம் முடிந்த பிறகும் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருந்தார். நடுவில் மற்ற மாத்திரைகளோடு கலந்துபோய் வாரம் ஒன்று என்பது தினம் ஒன்று ஆகிவிட்டது. வெளியூரில் இருந்த எனக்குத் தெரியாது. மூன்று மாதம் போயிருக்கும். எந்நேரமும் தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி. ஒருநாள் தொலைபேசியில் என்னிடம் என் பெயரையே தடுமாறிக் கேட்டார். வயதின் மறதி என்று நினைத்து இரண்டு நாள் விட்டுவிட்டேன். அந்த இரண்டு நாட்களை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்தத்தில் கால்சியம் 13ஐத் தாண்டியிருந்தது. 10.5ஐத் தாண்டக் கூடாத எண் அது. சிறுநீரகமும் களைத்துப்போயிருந்தது.

வைட்டமின் டி கொழுப்பில் கரைந்து சேமிக்கப்படுவது. நிறுத்திய மறுநாளே வெளியேறிவிடாது. அம்மாவுக்குக் கால்சியம் இறங்கச் சில வாரங்கள் பிடித்தன. முழுதாகத் தேறிவிட்டார். இன்று டாக்டர் சொன்னபடி மட்டும் எடுக்கிறார். இப்படி விஷமாவது அரிது, பெரும்பாலும் ரத்த அளவு 150 நானோகிராமைத் தாண்டிய பிறகே வரும். ஆனால் அரிது என்பது நம் வீட்டில் நடக்கும்வரைதான். எனவே பெரிய டோஸ் கேப்சூல் வாங்கினால், கடைசிக் கேப்சூல் எந்தத் தேதியில் என்று அட்டையின் மேல் பெரிதாக எழுதிவிடுங்கள்.

டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாதவர்கள் உண்டா?

உண்டு. சிறுநீரக நோயாளிகள், சிறுநீரகக் கல் வந்தவர்கள், ரத்தத்தில் ஏற்கெனவே கால்சியம் அதிகமுள்ளவர்கள், பாராதைராய்டு சுரப்பி அதிகம் சுரப்பவர்கள், சார்காய்டோசிஸ் நோய் உள்ளவர்கள். ரத்த அழுத்தத்துக்குத் தயாசைடு வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கால்சியம் ஏற வாய்ப்பு உண்டு. இதயத்துக்கு டிகாக்சின் எடுப்பவர்களுக்குக் கால்சியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறலாம்.

குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

ஒரு துளியில் எத்தனை அலகு, ஒரு மில்லியில் எத்தனை அலகு என்று ஒவ்வொரு புது பாட்டிலிலும் படியுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முன்பு ஒரு மில்லி கொடுத்தோம் என்று புது பாட்டிலிலும் ஒரு மில்லி கொடுத்தால் பலமடங்கு போய்விடலாம். 2010இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. அந்தப் பாட்டிலோடு வந்த சொட்டுக்குழாயைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தாதீர்கள். வைட்டமின் டி சேர்த்த பால்மாவை நிறையக் குடிக்கும் குழந்தைக்குத் தனியாகத் தேவைப்படாமலும் போகலாம்.

கர்ப்பமாக இருக்கிறேன். எடுக்கலாமா?

இதில் பெரிய அமைப்புகளே ஒத்துப்போகவில்லை. பிரசவ விளைவுகளை மேம்படுத்துவதற்காக எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் தருவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை, குறைவு இருக்கலாம் என்று தோன்றுபவர்களுக்குத் தரலாம் என்கிறது. எண்டோகிரைன் சொசைட்டி எல்லோரும் எடுக்கலாம் என்கிறது. தினம் 400 முதல் 600 அலகில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. உங்கள் கர்ப்பகால மாத்திரையிலேயே அது இருக்கக்கூடும். முதலில் அந்த அட்டையைப் படியுங்கள்.

வைட்டமின் கே2, மெக்னீசியம் சேர்ந்த மாத்திரைதான் சிறந்தது என்கிறார்கள். உண்மையா?

குறைவைச் சரிசெய்யச் சாதாரண டி3 மாத்திரையே போதும். வார்ஃபரின் எடுப்பவர்கள் வைட்டமின் கே சேர்ந்ததைத் தவிர்க்க வேண்டும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் அந்த மருந்தின் வேலையை அது கெடுத்துவிடும்.

ஆரம்பித்தாயிற்று. எத்தனை நாளைக்கு? மறுபடி எப்போது டெஸ்ட்?

கடுமையான குறைவுக்குச் சிகிச்சை எடுத்தவர்கள் மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம். அதற்கு முன் பார்த்தால் அளவு இன்னும் ஏறிக்கொண்டிருக்கும், சரியான எண் கிடைக்காது. தினம் 600, 800 என்று சிறிய டோஸ் எடுப்பவர்களுக்கு மறு டெஸ்ட்டே தேவையில்லை.

குறைவுக்கான காரணம் போய்விட்டால் மாத்திரையும் போகலாம். கால் முறிவுக்குப் பிறகு ஆறு மாதம் வீட்டுக்குள் கிடந்தவர் மறுபடி வெளியே நடமாடத் தொடங்கினால் நிறுத்திவிடலாம். வயதும் தோல் நிறமும் குடல் நோயும் மாறப்போவதில்லை என்பதால் அவற்றுக்காக எடுப்பவர்கள் தொடர வேண்டியதுதான்.

டாக்டரிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும்?

எனக்கு இது எதற்காக, எத்தனை அலகு, தினமா வாரமா, எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும், நிறுத்திய பிறகு என்ன எடுக்க வேண்டும். ஏற்கெனவே சாப்பிடும் எல்லா அட்டைகளையும், பாட்டில்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மல்டிவைட்டமினிலும் கால்சியம் மாத்திரையிலும் புரத மாவிலும்கூட வைட்டமின் டி ஒளிந்திருக்கும். அத்தனையையும் கூட்டித்தான் உங்கள் டோஸ் எவ்வளவு என்று அவரால் சொல்ல முடியும்.